எமது சேமிப்பும் ஏறும் விலையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாப் பேச்சு என்றால் பழைய நினைவுகளை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைச் சுவையாகச் சொல்ல எம்மிலும் வல்லவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டது வேறு. நாங்கள் ஒரே வகுப்பில் படித்த மூவர். ஒருத்தி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒருத்தி வர்த்தகம் படிப்பித்தவள், ஒருத்தி லண்டனில் கணக்காளர். பெண்கள் சேமித்த காசை எங்கே வைத்தால் அது தேயாமல் இருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள் என்றார்கள். எங்களில் எவரும் முதலீட்டுப் பத்திரம் விற்பவர் அல்லர் என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்கத்தான் எமக்குப் பழக்கம். வங்கிக்குப் போனால் முதற் கேள்வியே அதுதான். ஆனால் வட்டி வீதம் மட்டும் ஒன்றையும் சொல்லாது. அதே வருடத்தில் சாமான் விலை எவ்வளவு ஏறியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நாம் முன்னேறினோமா பின்னேறினோமா என்பது தெரியும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதற்கு ஒரு வருடம் முன் நின்ற இடத்திலிருந்து 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த மாதங்களில் மருதனார்மடம் சந்தைக்குப் பையோடு போனவர்களுக்குச் சுட்டெண் என்றால் என்ன என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் பணிக்கொடையை ஒரு வருட நிலையான வைப்பில் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். அப்போது கிடைத்தது ஏறத்தாழ 7 சதவீத வட்டி. வருட முடிவில் அவருடைய ஒரு இலட்சம் ரூபா 107,000 ஆனது. ஆனால் 2022 டிசம்பர் வரையான ஒரு வருடத்தில் விலைகள் 57 சதவீதம் ஏறிவிட்டன. அந்த 107,000 ரூபாவால் அவர் வாங்கக்கூடியது, வருடத் தொடக்கத்தில் 68,000 ரூபாவால் வாங்கியிருக்கக்கூடிய அளவு சாமான்தான். வங்கிப் புத்தகத்தில் எந்த இடத்திலும் நட்டம் என்று எழுதியிருக்காது. வட்டி வந்ததாகத்தான் எழுதியிருக்கும்.

இனி ஒரு கணக்கு. 2021 டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு இலட்சம் ரூபாவை வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டு 2024 முடிவில் திரும்பி வந்து பார்ப்போம். இந்த மூன்று வருடத்தில் விலைகள் கூட்டாக ஏறத்தாழ 60 சதவீதம் ஏறின. ஆகவே 160,000 ரூபாவாக வளர்ந்த காசு மட்டுமே பழைய வலுவோடு நிற்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 12,200 அளவிலிருந்து 15,900 அளவுக்கு வந்தது. பங்கிலாபத்தைச் சேர்க்காமல் பார்த்தால் எமது இலட்சம் 130,000. அமெரிக்க டொலராக மாற்றி வைத்திருந்தால் 146,000. ஒவ்வொரு வருட முடிவிலும் 364 நாள் திறைசேரி உண்டியல் வாங்கிப் புதுப்பித்து வந்திருந்தால், வரி கழிக்குமுன் 158,000. தங்கம், உலகச் சந்தை விலையையும் ரூபாவின் வீழ்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால், 211,000.

எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் தாலிக்கொடியைத் திரும்பிப் பார்ப்பது மேடையிலிருந்து தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அதே கணக்கை ஒரு வருடம் தள்ளி, 2022 முடிவில் தொடங்கினால் கதை மாறிவிடும். அந்த இரண்டு வருடங்களில் பங்குச் சுட்டெண் 8,500 இலிருந்து 15,900 ஆகி இரட்டிப்பை நெருங்கியது. விலைகளோ மொத்தம் 2 சதவீதம் அளவில்தான் ஏறின. 2022 ஏப்ரலில் ஒரு கிழமை சந்தையையே மூடிவைத்த அளவுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தில் விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒரே நாட்டவர்கள்தான். பங்கு நல்லதா கூடாததா என்ற கேள்விக்கு எங்களால் ஒரு சொல்லில் பதில் தர முடியாது. ஏழு எட்டு வருடம் தொட வேண்டிய தேவை இல்லாத காசுக்கு அது பொருந்தும். மகளின் அடுத்த வருடப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் காசுக்குப் பொருந்தாது.

திறைசேரி உண்டியலைப் பற்றி ஊரில் பேசுவார் குறைவு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்குக் கடன் வாங்கும் பத்திரம் அது. மத்திய வங்கி கிழமைதோறும் ஏலம் வைக்கிறது. நாம் நேரே ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை. முதனிலை வணிகர்களாக நியமிக்கப்பட்ட வங்கிகளினதும் நிறுவனங்களினதும் ஊடாக வாங்கலாம். குறுகிய காலத்துக்கு உரியது என்பதுதான் அதன் பலம். வட்டி வீதங்கள் ஏறும்போது அடுத்த புதுப்பித்தலில் நாமும் கூட ஏறுகிறோம். 2021 முடிவில் 364 நாள் உண்டியல் 8 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றது, 2022 முடிவில் 29 ஆனது, 2023 முடிவில் 13 அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. 2023 இல் உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்பட்டு, ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. தனியாட்கள் வைத்திருந்த உண்டியல்கள் அதில் அகப்படவில்லை. அப்படியென்றால் இனியும் ஒருபோதும் அகப்படாது என்று நாங்கள் எழுதித் தர மாட்டோம். வாங்குவோர் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். காசைப் பெற்றவர் தரும் பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல், மத்திய வங்கியின் லங்கா செக்குயர் பதிவேட்டில் உங்கள் பெயரில் பத்திரம் ஏறியிருக்கிறதா என்று உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

ஏறும் விலையோடு சேர்ந்து தானும் ஏறும் என்று எழுத்திலேயே வாக்குத் தரும் பத்திரம் உலகில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பழையதும்கூட. 1780 இல் அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே மசாசூசெற்ஸ் மாநிலம் தன் போர்வீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் கடன் பத்திரம் கொடுத்தது. காகிதப் பணம் வேகமாக மதிப்பிழந்து கொண்டிருந்ததால், குறித்த அளவு சோளம், மாட்டிறைச்சி, ஆட்டுமயிர், பாதணித் தோல் ஆகியவற்றின் அன்றைய விலை எதுவோ அதற்கு ஏற்பத் திருப்பித் தருவோம் என்று அந்தப் பத்திரத்தில் எழுதினார்கள். எமது ஊர் ஒற்றியிலும் இந்த எண்ணத்தின் பாதி இருக்கிறது. காணியை ஒற்றிக்குப் பிடித்தவர் வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை எடுப்பார்; வெங்காயம் விலை ஏறினால் அவருடைய வட்டியும் ஏறும். மற்றப் பாதிதான் இல்லை. ஒற்றி மீட்கும் நாளில் முதல் பழைய எண்ணிலேயே திரும்பி வரும்.

இரண்டு பாதியையும் சேர்த்துச் சாதாரண மக்களுக்கு விற்றது பிரித்தானியா. 1975 இல், விலைகள் அங்கே கடுமையாக ஏறிய காலத்தில், ஓய்வூதிய வயதினருக்கென்று விலைச் சுட்டெண்ணோடு இணைந்த சேமிப்புச் சான்றிதழை வெளியிட்டார்கள். பாட்டிமார் பத்திரம் என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆயிரம் பவுண்ஸ் போட்டவருக்கு விலைகள் பத்து சதவீதம் ஏறினால் முதல் ஆயிரத்து நூறாகும். பின்னர் எல்லா வயதினருக்கும் திறந்துவிட்டார்கள். 2011 க்குப் பிறகு புதிதாக விற்பதில்லை. ஆனால் அதற்கு முன் வாங்கியவர்கள் முதிர்வு நாளில் புதுப்பித்துக் கொள்ளலாம். லண்டன் அக்காமாரே, உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு பழைய சான்றிதழ் கிடந்தால், சில்லறைக் காசு என்று நினைத்து உடைத்துவிடாதீர்கள். உடைத்தால் திரும்ப வாங்க முடியாது.

அமெரிக்காவில் 1998 முதல் ஐ பொண்ட் என்று ஒன்று உண்டு. ஆளுக்கு வருடத்தில் 10,000 டொலர் வரை வாங்கலாம். முதல் ஒரு வருடம் எடுக்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் கடைசி மூன்று மாத வட்டி போய்விடும். 2022 மே முதல் ஒக்ரோபர் வரை வாங்கியவர்களுக்கு முதல் ஆறு மாதத்துக்கான வருட வீதம் 9.62 சதவீதமாக இருந்தது. விலை ஏற்றம் அடங்கியபோது அதுவும் இறங்கியது, அதுதான் அதன் இயல்பு. கனடா 1991 இல் இத்தகைய முறிகளைத் தொடங்கி, 2022 நவம்பரில் இனிப் புதிதாக வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது; முன்பு வெளியிட்டவை மட்டும் சந்தையில் கைமாறுகின்றன. இந்தியா 2013 டிசம்பரில் விலைச் சுட்டெண் ஏற்றத்துக்கு மேல் 1.5 சதவீதம் தரும் பத்து வருடப் பத்திரம் ஒன்றை மக்களுக்கு விற்றுப் பார்த்தது. வரவேற்பு இல்லாமல் அடுத்த வருடமே நின்றது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஐ பொண்ட், பாட்டிமார் பத்திரம் போன்றவை சந்தையில் விற்கப்படுவதில்லை. ஆகவே அவற்றின் முதல் குறையாது. ஆனால் அரசாங்கங்கள் சந்தையில் விற்கும் விலை இணைந்த முறிகளும், அவற்றை வாங்கி வைத்திருக்கும் நிதியங்களும் வேறு. வட்டி வீதம் திடீரென ஏறினால் அவற்றின் சந்தை விலை விழும். 2022 இல் பிரித்தானியாவில் விலை ஏற்றம் 11 சதவீதத்தைத் தொட்டபோதே, அத்தகைய முறிகளின் சந்தை விலை மூன்றிலொரு பங்களவு விழுந்தது. பணவீக்கப் பாதுகாப்பு என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு வாக்குறுதி நிற்கும். இடையில் விற்க வேண்டி வருபவருக்கு நிற்காது.

எமது தபாற்கந்தோரிலோ வங்கியிலோ இப்படி ஒன்றைக் கேட்டு வாங்க முடியாது. காரணம் கண்டுபிடிக்க முடியாததல்ல. விலையை ஏறவிட்ட அரசாங்கமே அந்த ஏற்றத்துக்குத் தண்டம் கட்ட வேண்டிய பத்திரம் அது. 2015 முதல் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 15 சதவீத வட்டியில் விசேட வைப்புத் திட்டம் ஒன்று இருந்தது. அதுவும் 2022 இல், மிகவும் தேவைப்பட்ட வருடத்தில், நிறுத்தப்பட்டது. முதியவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒரு எல்லை வைத்து, விலைச் சுட்டெண்ணோடு இணைந்த சிறு சேமிப்புப் பத்திரம் ஒன்றை இந்த நாடு வெளியிட வேண்டும் என்பது எங்களுடைய எண்ணம். கொழும்பில் பொறுப்பான இடங்களில் இருக்கும் பழைய மாணவிகள் இதைக் காதில் போட்டுக் கொள்ளுங்கள்.

அதுவரை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கனடாவில் முதியோர் ஓய்வூதியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைச் சுட்டெண்ணைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. பிரித்தானிய அரச ஓய்வூதியமும் வருடாவருடம் உயர்கிறது. வேறு ஒரு பத்திரமும் வாங்காவிட்டாலும் அவர்களிடம் விலையோடு ஏறும் ஒரு சொத்து ஏற்கனவே இருக்கிறது. இங்கே ஆசிரிய ஓய்வூதியம் அரசாங்கம் நினைக்கும்போதுதான் உயரும். ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்குப் பொருந்தும் ஆலோசனை சுன்னாகத்தில் இருக்கும் அக்காவுக்குப் பொருந்தாது. தொலைபேசியில் ஒருவருக்கொருவர் முதலீட்டு யோசனை சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, பிரித்தானிய ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி வந்து குடியிருக்க எண்ணுபவர்களுக்கு. இலங்கையில் வசிக்கத் தொடங்கினால் அந்த வருடாந்த உயர்வு கிடையாது. வந்த நாளில் என்ன தொகையோ அதே தொகைதான் தொடரும். கனடாவிலிருந்து வருபவர்கள், முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடர 18 வயதுக்குப் பின் 20 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனித் தங்கம். 1980 சனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 850 டொலரைத் தொட்டது. 1999 இல் அது 250 டொலர் அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த உச்சத்தில் வாங்கியவர் இருபது வருடம் காத்திருந்தும் டொலரில் நட்டத்தோடுதான் நின்றார். இங்கே ரூபா விழுந்து கொண்டே வந்ததால் அந்த நட்டம் எமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போய்விடும். அதனால் சேமிப்புக்கு என்றால் நாணயமாகவோ கட்டியாகவோ வாங்குங்கள். அணிவதற்கு என்றால் சேமிப்பு என்று பெயர் சொல்லாமல் ஆசையோடு அணியுங்கள். தங்கத்தின் உண்மையான பலம் விலையில் அல்ல, கைக்கு அடக்கமாக இருப்பதிலும் அடைவு வைத்தால் அன்றே காசாவதிலும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு நடந்த தாய்மாருக்கு அது தெரியும். காணி உறுதியைக் கொண்டுபோகலாம், காணியைக் கொண்டுபோக முடியாது.

காணி விலை ஏற்றத்துக்கு நல்ல காப்பு என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. 1913 இல் சேர். பொன். இராமநாதன் இங்கே செலவிட்ட பணம் காணியாகவும் கட்டிடமாகவும் ஆனபடியால்தான் இன்று நாம் அதற்குள் கூடியிருக்கிறோம். நோட்டாகப் பெட்டகத்தில் கிடந்திருந்தால் இன்றைய கூட்டத்துக்குத் தேநீர் கொடுக்கவும் போதாது. ஆனால் காணிக்கு வேறு ஆபத்துகள் உண்டு. எங்களோடு படித்த வலிகாமம் வடக்குப் பிள்ளைகள் 1990 இல் வீட்டை விட்டு வந்தார்கள். மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் இருக்கின்றன. அத்தோடு, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியைக்கூட விற்கவோ நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 இல் வந்த கட்டளைச் சட்டம். மரண சாசனம் எழுத வேண்டியதில்லை. வங்கி வைப்பு, பங்கு, திறைசேரி உண்டியல், நகை ஆகியவற்றுக்கும் அந்தச் சம்மதம் வேண்டியதில்லை. சீதனக் காணி ஒன்றை மட்டும் சொத்தென்று வைத்திருக்கும் பெண், அவசரத்துக்குத் தன் கையொப்பத்தால் மட்டும் எடுக்கக்கூடிய காசு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாள். முதலீட்டைப் பிரித்து வையுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கணவன்மார் இருக்கும் சபையில் இதைச் சொல்கிறோம், குறை நினைக்க வேண்டாம்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலை வேகமாக ஏறும் வருடத்தில் குலுக்குச் சீட்டை முதலில் எடுத்தவர் வெல்வார், கடைசியாக எடுப்பவர் அதே எண்ணுள்ள வலுக்குறைந்த காசைப் பெறுவார். பிடிப்பவர் நாணயமானவராக இருந்தாலும் இது நடக்கும். நிதிக் கம்பனிகளின் கூடிய வட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940 இல் தொடங்கிய த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மேயில் இரத்தானபோது, வைப்புக் காப்புறுதி அன்று ஆளுக்கு 600,000 ரூபாவுக்கு மேல் கொடுக்கவில்லை. இன்று அந்த எல்லை ஒரு நிறுவனத்தில் ஆளுக்கு 1,100,000 ரூபா. அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே நிதிக் கம்பனியில் வைக்காதீர்கள். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. அம்மாமாரின் பழைய வங்கிப் புத்தகங்கள் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். பத்து வருடம் தொடாத வணிக வங்கிக் கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும், ஆனால் உரியவர்கள் வங்கியூடாகக் கோரிப் பெறலாம்.

கடைசியாக, நாம் எல்லோரும் சேர்ந்து செய்யும் முதலீடு ஒன்று இருக்கிறது. தாய் தந்தையர் பெயரிலும் ஆசிரியர் பெயரிலும் பள்ளிக்கூடங்களில் வைக்கும் ஞாபகார்த்தப் பரிசு நிதிகள். 1980 இல் ஒருவர் 10,000 ரூபாவை வைப்பிலிட்டு, வட்டியில் ஒவ்வொரு வருடமும் பரிசு கொடுங்கள் என்று எழுதினார் என்று வைத்துக் கொள்வோம். அன்று அது ஏறத்தாழ 600 டொலர். பிரித்துப் பார்த்து வாங்கும் புத்தகங்களை ஒரு மாணவிக்குக் கை நிறையக் கொடுத்திருக்கலாம். வட்டி முழுவதையும் வருடாவருடம் செலவழித்து வந்தபடியால் முதல் இன்றும் அதே 10,000. டொலரில் அது இன்று மிகச் சிறிய தொகை. 8 சதவீத வட்டியில் வருவது 800 ரூபா. பெயர் மட்டும் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் ஒழுங்காக அச்சாகிக் கொண்டிருக்கும். யாரும் காசை எடுக்கவில்லை, யாரும் கணக்கில் பிழைவிடவில்லை, நிதி கரைந்துவிட்டது.

இதை நிறுத்த ஒரே வழி, முதலை விலையோடு சேர்த்து வளர்ப்பது. ஒரு இலட்சம் ரூபா நிதிக்கு 8,000 வட்டி வந்தது, விலைகள் அந்த வருடம் 5 சதவீதம் ஏறின என்றால், 5,000 ரூபாவை முதலோடு சேர்த்துவிட்டு 3,000 ரூபாவுக்குத்தான் பரிசு வாங்க வேண்டும். விலை ஏற்றம் வட்டியை மிஞ்சிய வருடத்தில் சான்றிதழ் மட்டும் கொடுக்கலாம், பிள்ளை குறை நினைக்காது. அரசாங்கம் விற்காத பத்திரத்தை நாமே எமது கையால் செய்து கொள்வது போன்றது இது. புதிதாக நிதி வைக்க வந்திருப்பவர்கள் நன்கொடைக் கடிதத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்: "கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் வருட ஏற்றத்துக்குச் சமமான தொகையை வட்டியிலிருந்து முதலில் முதலுடன் சேர்த்து, மிகுதியைப் பரிசுக்குச் செலவிடுக." முன்பு நிதி வைத்தவர்களும், அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளும், இப்படித் திருத்தி ஒரு கடிதம் கொடுக்கலாம். மாதிரிக் கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறோம். மதிய உணவுக்குப் பின் மண்டப வாசல் மேசையில் நாங்கள் மூவரும் இருப்போம். உங்கள் நிதியின் பெயரையும் வருடத்தையும் தெரிந்துகொண்டு வந்தால் அன்றைய தொகை இன்றைக்கு என்ன பெறும் என்பதையும் அங்கேயே கணக்குப் பார்த்துச் சொல்வோம்.